வரிசை கலையாமல் சேறு எடுக்க ஒரு குழாய்: காரைக்குடி லேத் பட்டறை, ஒரு வருட அனுபவம்

காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் போன வருடம் ஏரிச் சேறு எடுக்கும் குழாய் ஒன்று செய்து வாங்கினேன். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நெல் மில் ஷாஃப்ட், அடிபம்புச் சாமான், டிராக்டர் கலப்பைக்கு வேண்டிய பின் என்று வருகிற வேலையைச் செய்துகொடுக்கும் இடம். எனக்கு மொத்தம் 8,400 ரூபாய் ஆயிற்று. இதுவரை ஐந்து இடங்களில் இறக்கிப் பார்த்துவிட்டேன். மூன்றில் நன்றாக வந்தது, இரண்டில் வரவில்லை. ஏன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கோ சொந்த ஆர்வத்துக்கோ இப்படி ஒரு சாமான் தேடுகிறவர்களுக்கு உதவும்.

முப்பத்தொரு வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். "அடியில் கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது" என்று கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன். 1669இல் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்த விதி அது. எரிமலைச் சாம்பலையும் ஏரிச் சேற்றையும் வைத்து பழைய காலத்து மழை, காடு, புல்வெளி எல்லாவற்றையும் திரும்பக் கண்டுபிடிக்கும் வேலை முழுக்க அந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. ஆனால் ஒரு பிள்ளைக்குக்கூட நிஜச் சேற்றை எடுத்து, நீளவாக்கில் பிளந்து, "இதோ பார் அடுக்கு" என்று நான் காட்டியதில்லை. அந்தக் குறை ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

முதலில் கடையில் வாங்கிய பி.வி.சி. பைப்பை வைத்துத்தான் முயன்றேன். ஊருணி வற்றியிருந்த நேரம். இரண்டு அங்குலப் பைப்பைச் சுத்தியலால் 80 செ.மீ. இறக்கி, மேல் வாயை மூடியால் அடைத்து இழுத்தோம். வந்தது 51 செ.மீ. சேறுதான். மீதி 29 செ.மீ. எங்கே? அடியிலிருந்து நழுவி விழுந்ததா, உள்ளேயே அமுங்கிப்போனதா, நடுவில் ஒரு மெத்தென்ற அடுக்கு விலகிக்கொண்டதா? தெரிந்துகொள்ள வழியே இல்லை. எந்த ஆழத்தில் எது இருந்தது என்று சொல்ல முடியாத சேறு, வண்டியில் அள்ளிப்போட்ட சேறுதான்.

இதற்கு ஏரி ஆய்வாளர்கள் ரொம்ப காலமாகப் பயன்படுத்தும் வழி பிஸ்டன் வைத்த குழாய். 1955இல் டேனியல் லிவிங்ஸ்டன் என்பவர் கையால் இயக்கக்கூடிய எளிய வடிவம் ஒன்றை வெளியிட்டார். இன்றைக்கும் அதன் வழிவந்த குழாய்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அது வேலை செய்யும் விதம் இதுதான்: இறக்கும்போது பிஸ்டன் குழாயின் அடி வாயிலேயே அடைத்துக்கொண்டிருக்கும். வேண்டிய ஆழம் வந்ததும் பிஸ்டனை ஒரு கம்பிக் கயிற்றால் அசையாமல் பிடித்துக்கொண்டு, குழாயை மட்டும் கீழே அழுத்த வேண்டும். குழாய் இறங்க இறங்க, பிஸ்டன் நின்ற இடத்திலேயே நிற்க, சேறு உள்ளே வருகிறது. மேலே காற்று புக இடமில்லாததால் இழுக்கும்போது சேறு நழுவாது. மருந்து ஏற்றிய சிரிஞ்சைத் தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டாமல் நிற்கிறதே, அதே கதைதான்.

வெளிநாட்டில் செய்த குழாயின் விலை என் ஓய்வூதியத்துக்கு எட்டாது. ஆகவே ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போனேன். இரண்டு இடங்களில் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது இடம்தான் இது.

பட்டறைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ள வர்ற மண்ணு எவ்வளவு கெட்டி டீச்சர்? தண்ணி இருக்குமா?" என்று கேட்டார். மேலே அல்வா பதம், கீழே போகப் போக மைசூர்பாகு பதம் என்றேன். "இதுல எது முக்கியம்? சீக்கிரம் எடுக்கணுமா, நிறைய எடுக்கணுமா?"

"ரெண்டும் இல்ல தம்பி. வரிசை கலையக் கூடாது. அது ஒண்ணுதான்."

அவர் உள்ளே போய் ஒரு பழைய டப்பாவிலிருந்து தோல் வாஷர் ஒன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தார். அடிபம்புக்குப் போடும் பக்கெட் வாஷர். "இதுவும் இதே வேலையைத்தான் செய்யுது. உங்க பிஸ்டனை இதுக்குத் தக்கன வச்சுக்குவோம். தேஞ்சா எந்தக் கடையிலயும் கிடைக்கும்." ஊர் ஊருக்கு நிற்கிற இந்தியா மார்க் 2 அடிபம்பின் சிலிண்டர் உள்விட்டம் 63.5 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். என் படத்தில் இரண்டு அங்குலம் போட்டிருந்தேன். அங்கேயே அடித்துவிட்டு இரண்டரை என்று மாற்றினோம். இந்தப் பட்டறையை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் இந்த வாஷர்தான். கொடுத்த படத்தை அப்படியே வெட்டிக் கொடுக்க ஆள் உண்டு. எதற்கு என்று கேட்டு, நம் ஊரில் மறுபடி கிடைக்கிற சாமானாகப் பார்த்துப் போடுகிறவர் அபூர்வம்.

பத்து நாளில் தருகிறேன் என்றார். ஐந்து வாரம் ஆனது. நெல் மில் வேலை வந்துவிட்டால் மற்றது எல்லாம் ஓரமாகப் போய்விடுகிறது. போன் செய்தால் எடுத்துப் பேசுவார், மழுப்ப மாட்டார். ஆனால் தேதியை நம்பி வண்டிக்கும் ஆளுக்கும் சொல்லிவைத்திருந்த எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகப் போனது. கோடையில் ஊருணி வற்றும் நாட்கள் சொற்பம். ஆகையால் மாசி பிறக்கும்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

கிடைத்தது இது: ஒரு மீட்டர் நீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், வாஷர் பொருத்திய பிஸ்டன், கம்பிக் கயிறு, மரை போட்ட நீட்டுக் கம்பி இரண்டு, அடித்து இறக்க ஒரு தலைமூடி. எல்லாம் சேர்த்து 11 கிலோ.

நேரே ஊருணிக்குப் போகவில்லை. பின்கட்டில் கிடந்த 200 லிட்டர் டிரம்மில் சோதனை வைத்தேன். கண்மாயிலிருந்து கொண்டுவந்த களிமண்ணைக் கரைத்து ஊற்றினேன். அது படிந்ததும் வெள்ளைக் கோலப்பொடியை இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவினேன். அதன் மேல் மறுபடி களிமண், அதன் மேல் செங்கல் பொடி, மறுபடி களிமண், பிறகு மில்லிலிருந்து வாங்கிய உமிச் சாம்பல். மூன்று வாரம் அசையாமல் விட்டு, பிறகு குழாயை இறக்கினேன். வெளியே தள்ளி, நரம்புக் கம்பியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தால், கோலப்பொடிக் கோடு நடுவில் நேராக இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் நாலு செ.மீ. கீழே வழிந்து தொங்குகிறது. மேலே கிடந்த வெள்ளை, கீழே உள்ள கருப்புக்குள் இழுபட்டுவிட்டது.

நாலு செ.மீ. என்ன பெரிதா என்று கேட்கலாம். ஜப்பானில் ஃபுகுய் மாநிலத்தில் சுய்கெட்சு என்று ஓர் ஏரி. பெரிய ஆறு எதுவும் நேராக அதில் விழுவதில்லை. அடித்தண்ணீரில் பிராணவாயு இல்லை, ஆகவே சேற்றைக் கிளறப் புழு பூச்சி கிடையாது. வருடத்துக்கு ஒரு வெளிர் கோடும் ஒரு கருத்த கோடுமாக 70,000 வருடக் கணக்கு 45 மீட்டர் சேற்றில் அப்படியே படிந்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள், வருடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கே நாலு செ.மீ. வழிந்தால் அறுபது வருடம் கலந்துபோகும். அந்தச் சேற்றுக்குள் எரிமலைச் சாம்பல் கோடுகளும் இருக்கின்றன. தெற்கே கியூஷூ தீவில் சுமார் 30,000 வருடத்துக்கு முன் வெடித்த ஐராவின் சாம்பல் ஒன்று. அதே பக்கம் சுமார் 7,300 வருடத்துக்கு முன் வெடித்த கிகாயின் சாம்பல் இன்னொன்று. ஒரு வெடிப்பின் சாம்பல் சில நாளில், சில வாரத்தில் விழுந்து முடிந்துவிடும். எத்தனை ஏரியில், எத்தனை கடலடியில் அதே சாம்பல் கிடந்தாலும் எல்லாம் ஒரே தேதி. ஊர் ஊராகத் தனித்தனியாக எழுதிய கணக்குப் புத்தகங்களில் ஒரே நாளில் அடித்த முத்திரை மாதிரி. 1944இல் ஐஸ்லாந்துக்காரர் சிகுர்துர் தோராரின்சன் இந்த முறைக்குப் பெயர் வைத்தபோது, சாம்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான டெஃப்ராவை எடுத்துக்கொண்டார்.

இன்னும் நுணுக்கமானது மலாவி ஏரி. சுமத்ராவில் டோபா எரிமலை சுமார் 74,000 வருடத்துக்கு முன் வெடித்தது. வெடித்த குழிதான் இன்றைய டோபா ஏரி, 100 கி.மீ. நீளம். 7,000 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சேற்றில் அந்தச் சாம்பலின் கண்ணாடித் துகள்கள் இருப்பதை கிறிஸ்டின் லேன் குழுவினர் 2013இல் காட்டினார்கள். வெறும் கண்ணால் பார்த்தால் கோடே தெரியாது. சேற்றைச் சலித்து, கனத்தை வைத்துப் பிரித்து, முடியைவிட மெல்லிய துகளைத் தேடி எடுத்து, அதன் ரசாயனத்தைப் பார்த்து டோபாதான் என்று உறுதி செய்தார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள சேற்றையும் மேலே உள்ள சேற்றையும் ஒப்பிட்டபோது, அந்தப் பகுதி பெரிதாகக் குளிர்ந்ததற்கு அடையாளம் இல்லை. டோபா உலகத்தையே உறையவைத்து மனித இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது என்ற பேச்சுக்கு அது பெரிய மறுப்பு. இந்த முடிவு முழுக்க, துகள் எந்த ஆழத்தில் இருந்தது என்பதில் நிற்கிறது. குழாய் அதை நாலு செ.மீ. கீழே இழுத்திருந்தால்?

அதனால்தான் கோலப்பொடி மீசை முளைத்த அந்தச் சேற்றை வாழையிலையில் வைத்து அப்படியே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். தப்பு இரண்டு என்று அவரே சொன்னார். ஒன்று, குழாய் உள்ளே நீளத்துக்கு வெல்டிங் தழும்பு ஓடுகிறது; அது சேற்றை உரசி இழுக்கிறது. இரண்டு, வாய் விளிம்பை உள்பக்கமாகச் சாய்த்துச் சீவியிருக்கிறார். அது மண்ணை உள்ளே பிதுக்கித் தள்ளுகிறது. சாய்வு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்பக்கம் நேராக இருக்க வேண்டும். என் படத்தில் அதை நான் தெளிவாகக் காட்டவில்லை. ஆகையால் இரண்டாவது தப்பில் எனக்கும் பங்கு உண்டு. தழும்பில்லாத குழாய் வரவழைத்து, உள்ளே வழவழவென்று தேய்த்து, விளிம்பை மாற்றிக் கொடுத்தார். பைப் விலை 1,900 மட்டும் வாங்கினார், கூலி கேட்கவில்லை. மேலே சொன்ன 8,400இல் இதுவும் அடக்கம். மறுபடி டிரம், மறுபடி மூன்று வாரம். இந்த முறை கோலப்பொடி ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர்தான் வளைந்திருந்தது. அந்த ஓரத்தைக் கத்தியால் சீவிவிட்டு நடுச் சேற்றை மட்டும் எடுத்தால் பழுதில்லை.

அடுத்தது ஊருணி. எங்கள் ஊருணி குடிதண்ணீர் ஊருணி. நாலு பக்கமும் செம்பூராங்கல் படிக்கட்டு. தண்ணீர் இருக்கும்போது கால் கழுவக்கூட விடமாட்டார்கள். ஊர்ப் பெரியவரான அம்பலத்திடமும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் போய்க் கேட்டேன். அம்பலம் கேட்ட கேள்வி இன்னும் மனசில் இருக்கிறது: "டீச்சரம்மா, அடிக்களியில ஓட்டை போட்டா தண்ணி நிக்குமா?" சரியான கேள்வி. செட்டிநாட்டில் தண்ணீரைத் தேக்கிப் பிடித்திருப்பது அடியில் கிடக்கும் களிமண்தான். அதைத் துளைத்துக் கீழே உள்ள சரளைக்குப் போனால், இரண்டரை அங்குல ஓட்டை வழியாக ஒழுகலாம். எடுத்த ஒவ்வொரு குழியையும் பிசைந்த களிமண் உருண்டை போட்டு, கம்பியால் குத்திக் குத்தி இறுக்கி மூடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவரே நின்று பார்த்தார். ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் நின்றதையும் பார்த்தார். நீங்கள் எங்கே துளை போட்டாலும் இதைச் செய்யாமல் வராதீர்கள்.

ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு குழி போட்டேன். முதல் குழியில் மேலிருந்து 90 செ.மீ. வரை, பக்கத்துக் குழியில் 45 முதல் 135 வரை என்று திட்டம். இதுவும் சுய்கெட்சுவில் கற்ற பாடம். 1993இல் அங்கே ஒரே ஒரு துளையில் எடுத்தார்கள். ஒரு குழாய் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் சேறு விடுபட்டு, வருடக் கணக்கு தப்பிப்போனது. 2006இல் தகேஷி நகாகாவா குழு பக்கத்தில் பக்கத்தில் நாலு துளை போட்டு, ஒன்றில் விடுபட்டதை மற்றதில் பிடித்து, 73 மீட்டர் சேற்றை இடைவெளி இல்லாமல் கோர்த்தது. இன்றைக்கு உலகம் முழுக்க, பழைய பொருளின் வயதைச் சொல்லும் கார்பன்-14 தேதிகளைத் திருத்தப் பயன்படும் அளவுகோலில் அந்தச் சேற்றுக்கு முக்கியமான இடம் உண்டு.

இழுப்பதற்குச் சவுக்குக் கம்பு மூன்றைக் கட்டி முக்காலி போட்டு, செயின் பிளாக் மாட்டினோம். செயின் பிளாக்கைப் பட்டறைக்காரரே ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தார். பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். குழாய் "பொளக்" என்று விடுபட்டு மேலே வந்தபோது நான் அளவுகோலை வைத்தேன். 90 செ.மீ. இறக்கியதில் 87 செ.மீ. உள்ளே இருந்தது.

சேற்றை நீளவாக்கில் பாதியாக அறுத்த பி.வி.சி. பைப்பில் தள்ளி, வீட்டு முற்றத்தில் ஆத்தங்குடிக் கல் மேல் கிடத்தினோம். மேலே 19 செ.மீ. பழுப்பு வண்டல், வேர், குப்பை. அதற்குக் கீழே 64 வரை கருங்களி, அதில் சின்னச் சின்ன நத்தைக் கூடு. 64இல் தொடங்கி ஏழு செ.மீ. வெளிறிய மணல். பிறகு நீலம் கலந்த சாம்பல் நிறக் களி, நடுநடுவே துருப் பொட்டு. 118இல் செம்பூரான் சரளை. அதற்கு மேல் குழாய் இறங்கவில்லை. நீலக் களியை உடனே போட்டோ எடுத்துவிட வேண்டும். காற்றுப் பட்டதும் அதில் உள்ள இரும்பு துருவாகி ஒரு மணி நேரத்தில் பழுப்பேறிவிட்டது.

மணல் கோடு பக்கத்துக் குழியிலும் 66இல் இருந்தது. ஒரு குழியில் மட்டும் இருந்தால் நண்டு வளை என்று விட்டுவிடலாம். இரண்டிலும் இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது: வரத்துக்கால் உடைந்திருக்கலாம், பெருவெள்ளம் மணலை அடித்துக்கொண்டு வந்திருக்கலாம், தூர் வாரிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். பார்க்க வந்த பெரியவர் ஒருவர் 1977 புயல் என்று அடித்துச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 17 செ.மீ. ஆழத்தில் ஒரு ஷாம்பூ பாக்கெட் கிடந்தது. கடலூரில் தொடங்கிய பாக்கெட் ஷாம்பூ 1980களில்தான் ஊர் ஊராகப் பரவியது. ஆகவே மேலே உள்ள 17 செ.மீ. அதற்குப் பிந்தியது. மணல் 1977, பாக்கெட்டும் அந்த 1980களைச் சேர்ந்தது என்றால், பாக்கெட்டுக்குக் கீழே உள்ள 47 செ.மீ. களி பத்துப் பதினைந்து வருடத்துக்குள் படிந்திருக்க வேண்டும். நடக்காது என்றே நினைக்கிறேன். மணல் அதைவிடப் பழையது.

அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊருணிக்கு டோபா சாம்பல் இதுதான் என்று தோன்றியது. ஒரு வித்தியாசம் உண்டு: சாம்பல் விழுந்த தேதியே அந்த அடுக்கின் தேதி. பாக்கெட் "இந்த வருடத்துக்கு முன் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். சரியான தேதி வேண்டும் என்றால் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அணுகுண்டுச் சோதனைகளால் 1963இல் உச்சம் தொட்ட சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் எந்த ஆழத்தில் கூடுகிறது என்று பார்க்கலாம். தானாகவே சிதையும் ஈயம்-210 ஆழத்தோடு எப்படிக் குறைகிறது என்று அளக்கலாம். பழைய சேறு என்றால் கார்பன்-14.

ஊருணியை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனிதர் வெட்டிய நீர்நிலை, பலமுறை தூர் வாரியது. ஒவ்வொரு தடவை வாரும்போதும் கணக்கில் சில பக்கங்கள் கிழிந்துபோகின்றன. கோடையில் வெடித்துக் காய்கிறது. அந்தத் துருப் பொட்டு அதற்குச் சாட்சி. பழைய காலத்துச் செடிகொடியைச் சொல்லும் மகரந்தம் காய்ந்த சேற்றில் கெட்டுப்போகும். 74,000 வருடத்துச் சாம்பலை இதில் தேடுவதில் அர்த்தமே இல்லை. தென்னிந்தியாவில் நீண்ட கணக்கு வேண்டும் என்றால் நீலகிரிக்குப் போக வேண்டும். அங்கே சதுப்புக் கரி மண்ணில் உள்ள கார்பனை அளந்து, சுமார் 20,000 வருடத்து மழைக் கதையை 1993இல் ஆர். சுகுமார் குழு வெளியிட்டது. மரமும் குளிர் நிலத்துச் செடியும் கார்பனை எடுக்கும் விதம் வேறு, வறண்ட நிலத்துப் புல் எடுக்கும் விதம் வேறு. அந்த வித்தியாசம் மண்ணில் தங்கிவிடுகிறது. பனியுகக் கடைசியில் வறட்சி, அப்புறம் சுமார் 10,000 வருடத்துக்கு முன் மழை கூடியது என்று அந்த மண் சொல்கிறது.

ஆனாலும் ஊருணிச் சேற்றைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்த இரவை நான் மறக்க மாட்டேன். ஊசி முனையளவு சேறு, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்துக் கழுவியது. நன்னீர்க் கடற்பஞ்சின் ஊசிகள், விசிறி மாதிரி விரிந்த புல் இனத்துச் சிலிக்கா, டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள், இடையிடையே கரித் துணுக்கு. பக்கத்துச் சில்லில் ஒப்பிட்டுப் பார்க்க ஜ்வாலாபுரத்துச் சாம்பல். ஆந்திராவில் கர்நூல் பக்கம் இருக்கும் ஊர் அது. டோபா சாம்பல் அங்கே பள்ளத்தாக்கில் ஒதுங்கி இரண்டு மீட்டருக்கு மேல் கனத்துக்குச் சேர்ந்து கிடக்கிறது. பாத்திரம் தேய்க்கும் பொடிக்காக அதை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அடுப்புச் சாம்பலையும் புளியையும் போட்டுப் பித்தளை தேய்த்த கைகளுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கிடைத்த கல் கருவிகள் ஒரே வகையாக இருக்கின்றன என்று மைக்கேல் பெட்ராக்லியா குழு 2007இல் எழுதியது. அங்கே இருந்த மனிதர்கள் பிழைத்திருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். மறுபக்கம், மத்திய இந்தியாவில் காடு குறைந்து புல்வெளி கூடியது என்று 2009இல் மார்ட்டின் வில்லியம்ஸ் குழு மண்ணின் கார்பனையும் வங்கக்கடல் மகரந்தத்தையும் வைத்துச் சொன்னது. இரண்டு கட்சியும் பேசுவது ஒரே வெள்ளைக் கோட்டின் மேலும் கீழும்.

குவாரிக் கழிவில் எடுத்த ஒரு சிட்டிகையை என் பழைய மாணவர் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பார்த்தால் உடைந்த வளையல் சில்லு மாதிரி வளைந்து வளைந்து, சில துகள் மூன்று கால் விரித்து நிற்கின்றன. எரிமலைக் குழம்பில் நுரைத்த குமிழிகளின் சுவர் அவை. பழைய கால்குலேட்டரிலிருந்து பிரித்த இரண்டு போலராய்டு தாள்களைக் குறுக்கே வைத்துப் பார்த்தால், மணல் துகள் ஜொலிக்கும், எரிமலைக் கண்ணாடி இருண்டுவிடும். ஆனால் டயட்டமும் புல் சிலிக்காவும்கூட இருளும். ஆகவே கடைசியில் வடிவத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, குழாய்க்கு வருகிறேன். வராத இரண்டு இடமும் மணல் இடம்: கண்மாயில் மடைக்குப் பக்கம் ஒன்று, ஆற்றோரம் ஒன்று. களிமண் பிடித்துக்கொள்ளும், ஈர மணல் வாயிலேயே ஒழுகிவிடும். வாயில் ஒரு பிடிப்புத் தகடு வைத்தால் நிற்கும் என்கிறார் பட்டறைக்காரர், இன்னும் செய்யவில்லை. தோல் வாஷரை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போடாவிட்டால் காற்று புகுந்துவிடும். கம்பிக் கயிறு நாலாவது தடவையிலேயே இழை பிரிந்தது; அதை மட்டும் ஆரம்பத்திலேயே நல்லதாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நீட்டுக் கம்பியின் மரைக்குள் சேறு காய்ந்துவிட்டால் கழற்ற இரண்டு பேர் வேண்டும். பட்டறையில் பில் கிடையாது. பள்ளிக் கணக்கில் வாங்க நினைப்பவர்கள் அதை முதலிலேயே பேசிவிட வேண்டும். 11 கிலோ எடையை வயதானவர்கள் தனியாகத் தூக்க முடியாது, எனக்கு எப்போதும் இரண்டு பேர் துணை தேவைப்பட்டார்கள்.

களிமண் படிந்த குளம், ஊருணி, சதுப்பு என்றால் யோசிக்காமல் செய்யச் சொல்லுங்கள். படம் கொடுக்கும்போது விளிம்புச் சாய்வு வெளிப்பக்கம், குழாய் தழும்பில்லாதது என்ற இரண்டையும் எழுதிக் கொடுங்கள். டிரம் சோதனை செய்யாமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் சேற்றைப் பிளந்து வைத்திருந்தபோது பட்டறைக்காரர் மூலைமட்டத்தை எடுத்து மணல் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். "ரெண்டு மில்லி சாயுது டீச்சர். குழாய் நேரா இறங்கல, இல்லேன்னா மணலே சாய்ஞ்சு படிஞ்சிருக்கு. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" பக்கத்துக் குழியின் கோட்டையும் அளந்தார். அது மறுபக்கம் ஒரு மில்லி சாய்ந்திருந்தது. அப்படியானால் மணல் இல்லை, குழாய்தான் என்று முடிவு செய்தார். அடுத்த வாரமே முக்காலியின் நடுவில் தூக்குக்குண்டு தொங்கவிட ஒரு கொக்கி செய்து அனுப்பினார். காசு சொல்லவில்லை. இப்போது நீட்டுக் கம்பி இன்னும் இரண்டும் அந்தப் பிடிப்புத் தகடும் சொல்லியிருக்கிறேன். மில் வேலை முடிந்ததும் தருகிறாராம்.